நீலத் துணி தின்ன கெடா

— மூக்கப் பொத்தாத ரிஃபாத்து. தெனம் மனுசன் வயித்தத் தொறந்து பாக்குறவ நீ. ஆட்டு வயிறு ஒனக்கு நாறுதோ?

— இது ஆட்டு வயித்து நாத்தம் இல்லண்ணே. அழுகுன ரப்பர் மாதிரி வருது. ச்சீ... இதுக்கா காலங்காத்தால கறிக்கடைக்கு வா வான்னு போன் போட்ட? எனக்கு ஆஸ்பத்திரியில பேஷன்ட் காத்துக்கிட்டு இருக்காங்க.

— காத்துக்கிட்டு இருக்கட்டும். சொல்றேன் கேளு. கெடாவ அறுத்து உரிச்சாச்சு. குடலு கழுவணும்னு இரைப்பைய கிழிக்கிறான் கருப்பணன். கத்தி எறங்க மாட்டேங்குது. கல்லு கெடக்குது போலன்னு கைய விட்டான். இழுக்குறான், இழுக்குறான், வந்துக்கிட்டே இருக்கு. சேல மாதிரி. நீலச் சேல. அந்தா, வாந்தி எடுத்துட்டு வாசல்ல உக்காந்திருக்கான் பாரு. எத்தன வருசமா ஆடு உரிக்கிறவன்!

— ஆடு பிளாஸ்டிக் திங்கிறது புதுசாண்ணே? ரோட்டுல கெடக்குற கேரி பேக்கெல்லாம் தின்னுதுக.

— கேரி பேக்கு எனக்குத் தெரியாதா? இது கேரி பேக்கா? நானே தண்ணி ஊத்தி அலசி வச்சிருக்கேன். இந்தா, விரிச்சுப் பாரு. நடுவுல சதுரமா ஒரு ஓட்டை. ஓட்டையச் சுத்திப் பசை. இது என்னா துணி? சொல்லு.

— டிரேப்புண்ணே. ஆபரேஷன் பண்ணும்போது ஆள முழுசா மூடிட்டு, கீறுற எடம் மட்டும் வெளிய தெரியிற மாதிரி போத்துறது.

— அப்ப இது? வெரலு வெரலா, முடிச்சு விழுந்து கெடக்கே?

— கையுறை.

— ஒன்னு இல்ல. கொத்தா இருக்கு. கருப்பணன் கண்ணுக்கு அது என்னமா தெரிஞ்சுச்சு தெரியுமா? ஆட்டு வயித்துக்குள்ள மனுசன் கை இருக்குன்னு அலறிட்டான். நானும் ஒரு நிமிசம் அப்படித்தான் நெனச்சேன்.

— இந்தக் கெடா கறி எங்கண்ணே?

— எங்க போகும்? மொத்தமா தூக்கிப் பொதைக்கச் சொல்லிட்டேன். சந்தையில தூக்கிப் பாத்து, நல்ல கனம், வயிறு நெறைய மேஞ்ச கெடான்னு வாங்கிட்டு வந்தான் எம் மகன் தப்ரேஸு. கனம் எதுலன்னு இப்பத்தான் தெரியுது. ஊரெல்லாம் பிரியாணிக் கடைக்கு நம்ம கறிதான் போகுது. அத்தா காலத்துலருந்து ஒரு பய ஒரு சொல்லு சொன்னதில்ல. இப்ப என் கடை மேடையில ஆஸ்பத்திரிக் குப்பை. எந்த ஆஸ்பத்திரி?

— என்னைய ஏன் அப்படிப் பாக்குற? திண்டுக்கல்லுல எத்தனை ஆஸ்பத்திரி இருக்கு! எல்லாரும் இதைத்தான் போத்துறாங்க. எங்க குப்பையெல்லாம் கலர் கலரா பையில கட்டி, எரிக்கிற பிளான்ட்டுக்குப் போயிருது. அதுக்குன்னு வண்டி வருது.

— வருதா? நீ பாத்தியா?

— நான் தியேட்டருக்குள்ள இருப்பேன். வாசல்ல என்ன வண்டி வருதுன்னு பாக்குறதா என் வேலை? அதுக்கு மேனேஜர் இருக்காரு.

— சரி, வா. கார எடு. காதுல கீறல் அடையாளம் இருக்கு. அய்யலூருக்கு மேற்க பேச்சாயின்னு ஒரு பொம்பள, அவ ஆடுதான். எங்க மேச்சான்னு கேப்போம். எவன் கொட்டுனானோ அவன இன்னைக்கி ஸ்டேஷன்ல உக்கார வைக்காம நான் கடை தொறக்கிறதா இல்ல.

— தப்ரேஸையும் கூட்டிக்கலாமே? அவன்தான வாங்குனான்?

— போன எடுக்க மாட்டேங்குறான். சந்தைக்குப் போயிட்டு வந்த அலுப்பு, தூங்குவான். வா நீ.

*

— ஏசியக் கூட்டுண்ணே. நாத்தம் மூக்குலயே ஒட்டிக்கிட்டு வருது.

— எனக்கு நெஞ்சுல ஒட்டிருக்கு. ஒன்னு கேக்குறேன், சொல்லு. அத்தாவுக்குப் பெரியாஸ்பத்திரியில குடலிறக்கம் ஆபரேசன் நடந்தப்ப பச்சைத் துணிதான போத்தியிருந்தாங்க? நல்லா கெட்டித் துணி. நான்தான வெளிய ஸ்ட்ரெச்சர் புடிச்சேன். அங்கங்க ஒட்டுகூடப் போட்டிருந்துச்சு.

— ஆமா. அதத் துவைச்சு, மடிச்சு, பெரிய பானை மாதிரி மெஷின்ல ஆவியில வேக வச்சு, மறுபடி அடுத்த ஆளுக்குப் போத்துவாங்க. நான் படிக்கும்போதும் அதான்.

— இப்ப?

— இப்ப எவன் துவைக்கிறான்? பாக்கெட்டப் பிரி, போத்து, உருட்டித் தூக்கி எறி. நான் போடுற கவுனு, தொப்பி, கால் உறை, எல்லாமே அப்படித்தான். பேரு துணி. உண்மையில பிளாஸ்டிக்கு.

— ஏன்? துணியில கிருமி வந்துருச்சா?

— கம்பெனிக்காரன் அப்படித்தான் சொல்றான். சான்றிதழ் குடுக்க வர்றவங்களும் பாக்கெட்டப் பாத்தா சந்தோசப்படுறாங்க. ஒழுங்கா வேக வச்ச துணிக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லன்னுதான் நான் படிச்சிருக்கேன். ஆனா துவைக்கிறதுக்கு ஆளு வேணும், தண்ணி வேணும். நம்ம ஊருல தண்ணி எந்த லட்சணத்துல வருதுன்னு ஒனக்குத் தெரியாதா?

— கத்தி?

— கத்தி முனை எப்பவுமே ஒரு தடவைக்குத்தான். அது கொஞ்சூண்டு. பெருசு வேற. பித்தப்பையில கல்லுன்னா முன்னாடி விலாவுக்குக் கீழ நீளமா கீறுவோம். எல்லாம் இரும்புச் சாமான். கழுவி, வேக வச்சு, வருசக்கணக்கா ஓடும். இப்ப வயித்துல சின்னச் சின்னதா ஓட்டை போட்டு, கேமராவ விட்டு எடுக்குறோம்.

— அது தெரியும். ஒன் மச்சானுக்கு அப்படித்தான பண்ணுன. ஓட்டைதான் சின்னதாச்சே, குப்பையும் கொறையணுமே?

— அதுதான் இல்ல. ஓட்டை சின்னதாக ஆக, குப்பை பெருசாவுது. ஓட்டைக்குள்ள சொருகுற குழாய் பிளாஸ்டிக்கு. கிளிப் போடுற கருவி, வெட்டுற கருவி, வெட்டுனத வெளிய எடுக்குற பை, எல்லாம் ஒரே ஒரு ஆளுக்கு. அது ஒவ்வொன்னுக்கும் ஒரு அட்டைப் பெட்டி, பெட்டிக்குள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு, தட்டு மேல ஒரு தாளு. ஒரு பித்தப்பை இம்புட்டூண்டு இருக்கும், சின்னக் கத்திரிக்கா அளவு. அத எடுக்க ரெண்டு மூட்டை குப்பை.

— நவூதுபில்லா. நான் ஒரு ஆட்ட அறுத்தா தோலு பதப்படுத்துற தோல்சாப்புக்குப் போகுது. தலை, காலு, குடலு, ரத்தம், கொழுப்பு, எல்லாத்துக்கும் ஆளு இருக்கு. தூக்கிப் போட ஒன்னும் மிஞ்சாது. நீ ஒரு ஆளக் காப்பாத்துறதுக்கு இம்புட்டுக் கூத்தா?

— நீ அறுக்குறது சாகுறதுக்கு. நான் அறுக்குறது பொழைக்கிறதுக்கு. ரெண்டையும் ஒன்னாச் சொல்லாத.

— கோவிக்காத. பழையபடி கீறித்தான் பண்ணேன், யாரு தடுத்தா?

— போன வாரம் வேடசந்தூர் மில்லுலருந்து ஒரு புள்ள வந்துச்சு. வலி தாங்காம சுருண்டு கெடக்கு. நான் கீறியிருந்தா மாசத்துக்கு மேல படுத்துருக்கணும். அதுவரைக்கும் மில்லுக்காரன் எடத்த வச்சிருப்பானா? ஓட்டை போட்டு எடுத்தேன். இந்நேரம் மில் பஸ்ஸுல ஏறியிருக்கும். குப்பை கூடுதுன்னு அந்தப் புள்ளைய நான் கீறணுமா? சொல்லு.

— அப்படிக் கேட்டா என்னத்தச் சொல்ல?

— நானும் என்னத்தச் சொல்லன்னுதான் அடுத்த பாக்கெட்டப் பிரிக்கிறேன். அதே சாமான் இரும்புலயும் இருக்குண்ணே, கழுவிக் கழுவி ஓட்டலாம். ஒரு செட்டு வாங்கிப் பீரோவுல வச்சிருக்கேன். ஒவ்வொன்னையும் கழட்டி, பிரஷ் போட்டுத் தேய்ச்சு, மாட்டி, வேக வச்சு வர்றதுக்குள்ள அடுத்த ஆள மேசையில படுக்கப் போட்டுருவாங்க. பிளாஸ்டிக்குன்னா பேஷன்ட் பில்லுலயே ஏத்திரலாம்னு மேனேஜர் சொல்றாரு. நானும் சரின்னுட்டேன்.

— சுத்தமாத்தான் பண்றீங்க எல்லாரும்.

— இன்னும் கேளு. மயக்கம் குடுக்குற வாயு இருக்குல்ல? அதுல ஒரு வகை, ஒரு ஆபரேஷனுக்கு விட்டா இங்கருந்து மெட்ராஸுக்குக் கார் ஓட்டுன அளவுக்குப் பூமியில வெக்கையக் கூட்டும்னு மாநாட்டுல சொன்னாங்க. பேஷன்ட் இழுத்து விட்டது போக மிச்சமெல்லாம் குழாய் வழியா மொட்டை மாடிக்குப் போயிரும். அது கண்ணுக்குத் தெரியாது. தெரியலேன்னா இல்லேன்னுதான நெனைக்கிறோம்.

— தெரிஞ்சே பண்றீங்களே. அதான் எனக்குக் கொமட்டுது... இந்தா, எடது பக்கம் மண்ரோட்டுல திருப்பு. அந்தக் கொட்டகைதான்.

*

— பேச்சாயி! ஏ பேச்சாயி! இருக்கியாம்மா?

— அடடே, பாயா! வாங்க, வாங்க. என்னா இம்புட்டுத் தூரம்? கூட யாரு?

— என் தங்கச்சி. டாக்டரு.

— வாங்க தாயி. கட்டில்ல உக்காருங்க. செத்த இருங்க, மோரு கொண்டாரேன்.

— மோரெல்லாம் வேணாம். நீ தப்ரேஸுக்குக் குடுத்த கெடா இருக்குல்ல, காதுல கீறலு போட்டது...

— ஏன் பாய், கெடாவுல ஏதும் கொறையா? நல்ல மேச்சலு கெடா பாய்.

— கொறை ஒன்னும் இல்ல. வயித்துக்குள்ள ஆஸ்பத்திரியே இருந்துச்சு. ஏன் தலையக் கவுந்துக்கிற? எங்க மேச்ச?

— எங்க மேய்ப்பேன்... காட்டுலதான். ரெண்டு தூத்தலத் தவிர மழை எங்க பேஞ்சுச்சு? பச்சைன்னு ஒன்னையும் காணோம். கண்டதத் திங்குதுக.

— பேச்சாயிம்மா, நாங்க சண்டை போட வரல. கெடாவுக்குக் குடுத்தத நாங்க திருப்பியும் கேக்கல. அந்தத் துணி எங்க கெடக்குதுன்னு மட்டும் காட்டுங்க.

— வேணாம் தாயி. நீங்க பாக்குற எடம் இல்ல அது.

— நான் டாக்டர்ம்மா. பாக்காதது ஒன்னும் இல்ல.

— அப்படிச் சொல்றீக. சரி வாங்க. செருப்பு கெட்டியா இருக்கா? காலப் பாத்து வைங்க. அந்த வேலிக்கருவைக்கு அங்கிட்டு ஓடை இருக்கு. இந்தா, முந்தானைய மூக்குல வச்சுக்கங்க.

— யா அல்லா.

— இதத்தான் சொன்னேன்.

— அண்ணே... அண்ணே, இது ஒரு நாள் கொட்டுனது இல்ல. ஓடை முழுக்க...

— எட்டி வா, மிதிக்காத! அந்தக் கையுறையெல்லாம் பாரு. மழைத் தண்ணி ரொம்பி, வெரல நீட்டிக்கிட்டு நிக்குது. உள்ள என்னமோ நெளியுதே?

— கொசுப்புழு பாய். சாயங்காலம் ஆனா மொய்ச்சுத் தின்னுரும்.

— அந்த நாய் எத நக்குது? ச்சூ! ச்சூ! போ அங்கிட்டு!

— ரத்தம் உறிஞ்சுற டப்பா. மூடிகூடப் போடாம... ஐயோ, பாதி ரத்தம் அப்படியே இருக்கு. ஏடு கட்டி, கருப்பா... அண்ணே, என்னால பாக்க முடியல. கையப் புடிச்சுக்க.

— மனுசன் வயித்தத் தொறந்து பாக்குறவ!

— அங்க எல்லாம் உயிரோட இருக்கும்ணே. சிவப்பா, சூடா, சுத்தமா இருக்கும். இது... இது நாங்க வெளிய எறிஞ்சது. எறிஞ்சதுக்கு அப்புறம் நான் அதப் பாத்ததே இல்ல.

— எந்த ஆஸ்பத்திரின்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது? பேரு கீரு போட்டிருக்கா?

— வேணாம்ணே.

— என்ன வேணாம்?

— தேட வேணாம். அந்த வெள்ளைக் கைப்பிடி தெரியுதா, துப்பாக்கி மாதிரி? அது குடல வெட்டிட்டு அப்படியே ஒட்டுறது. ஸ்டேப்ளர்னு சொல்லுவோம். இந்தக் கம்பெனி ஸ்டேப்ளர் திண்டுக்கல்லுல நான் ஒருத்திதான் வாங்குறேன். விக்கிறவனே பெருமையாச் சொல்லுவான், மேடம் நீங்கதான் இந்த மாவட்டத்துலயே முதல்னு. அந்தா ஒன்னு. அந்தக் கல்லுகிட்ட இன்னொன்னு. பக்கத்துல அந்தக் குழாயி... அது அந்த மில்லுப் புள்ளைக்குப் போட்டதா இருந்தாலும் இருக்கும்.

— ஒன் ஆஸ்பத்திரி.

— என் ஆஸ்பத்திரி. நான் பங்குதாரர் வேற.

— எரிக்கிற வண்டி வருதுன்னியே?

— வருது. எரிக்கிற மஞ்சப் பையி மட்டும் கொஞ்சம் போகுது போல, கணக்குக்கு. பிளாஸ்டிக்கெல்லாம் அனுப்புனா எடைக்குக் காசு கூடுதுன்னு இங்க வந்துருக்கு. எனக்கு அது கூடத் தெரியாது பாருண்ணே. பாக்கெட்டப் பிரிக்கிறதோட என் வேலை முடிஞ்சுருச்சுன்னு இருந்துட்டேன்.

— தாயி, நீங்க அழுகாதீக. நெழலுக்கு வாங்க. கொட்டகையில செத்த உக்காருங்க.

— பேச்சாயிம்மா, நீங்க ஏன் நொண்டி நொண்டி நடக்குறீங்க?

— முள்ளு தாயி. வேலிமுள்ளு.

— கட்ட அவிழுங்க. பாக்குறேன்.

— அய்ய, காலப் போயி நீங்க தொடுறதா!

— அவிழுங்கன்னா அவிழுங்க... இது முள்ளு இல்ல. முள்ளு இப்படிச் சீழ் கோக்காது. என்ன குத்துச்சு?

— ஊசிதான். ஆடு ஓடைக்குள்ள எறங்கிருச்சு, பத்தப் போனேன். செருப்பத் தொளச்சுக்கிட்டு ஏறிருச்சு. நானே புடுங்கிப் போட்டு மஞ்சப்பொடி வச்சேன்.

— எப்ப?

— மாசம் ஆச்சு.

— மாசமா! யாருகிட்டயும் காட்டலையா?

— ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாக. எனக்குத்தான் ஊசி இங்கயே போட்டாச்சேன்னேன்.

— சிரிக்காதீங்கம்மா. அந்த ஊசி யாரு ஒடம்புல இருந்து வந்துச்சோ... இன்னைக்கே ரத்தம் பாக்கணும். காரு நிக்குது, எங்களோட வர்றீங்க.

— ஆடுகள யாரு பாப்பா தாயி?

— அண்ணன் பாப்பாரு. நாள் முழுக்க ஆட்டோடதான கெடக்குறாரு. அது என்ன, கொட்டகை மேல? அந்த நீலம்?

— அந்தத் துணிதான். பனி எறங்காம கட்டியிருக்கேன். நல்ல கெட்டியா இருக்கு தாயி, சும்மாக் கெடக்குதேன்னு எடுத்து நல்லாத்தான் அலசுனேன். குட்டிகளுக்கு விரிக்க. எம் பேரன் தூங்குறதுக்கும் ஒன்னு...

— போதும். சொல்லாதீங்க. அத உருவுங்க, மொதல்ல அத உருவுங்க! அண்ணே, நின்னுக்கிட்டே இருக்கியே, அவுத்து விடு அத!

— அவுக்குறேன், அவுக்குறேன். பேச்சாயி, இப்ப ஒரே ஒரு கேள்வி. எவன் கொண்டாந்து கொட்டுறான்?

— தெரியாது பாய்.

— ஒன் கொட்டகையத் தாண்டித்தான் ஓடைக்குப் போகணும். ஒனக்குத் தெரியாம எவனும் வர முடியாது. பயமா? நான் இருக்கேன். மெரட்டுனானா?

— மெரட்டலாம் இல்ல. நல்லாத்தான் பேசுவாக.

— யாரு? கையக் கால முறிக்கிறேன் அவன. திங்கிற பொருள்ல இந்தக் கருமத்தக் கலக்குறான்னா அவன் மனுசனா? வாந்தியத் திங்கிற நாய்கூட இப்படிப் பண்ணாது. பேரச் சொல்லு!

— வேணாம் பாய். நாளைக்கு எங்கிட்ட ஆடு வாங்க யாரும் வர மாட்டாக.

— நான் வாங்குறேன்! ஆயுசுக்கும் நான் வாங்குறேன். அத்தா மேல ஆணையாச் சொல்றேன். வண்டி என்ன வண்டி?

— ஆட்டு வண்டி பாய். சந்தை நாளு வெள்ளன வரும். மூட்டைய எறக்கிட்டு சந்தைக்குப் போகும். திரும்பையில ஆட்ட ஏத்திக்கிட்டுப் போகும்.

— எவன் வண்டி?

— ஒங்க வண்டிதான்.

— என்ன?

— ஒங்க வண்டிதான் பாய். ஒங்க மகன், அந்தத் தம்பிதான் ஓட்டியாரும். வரும்போதெல்லாம் நல்லாருக்கியா அத்தைன்னு கேக்கும். எம் பேரனுக்கு வர்க்கி வாங்கியாரும். நீங்க அனுப்பித்தான் வருதுன்னு இருந்துட்டேன். அதான் நீங்க வந்து நிக்கவும் எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.

— பொய்யி. எம் மகன் அப்படிப்பட்டவன் இல்ல.

— போன் போடுண்ணே.

— எம் மகன்...

— போட்டுக் கேளு.

— டேய்... தூங்குனது போதும், எந்திரி. அய்யலூர் ஓடையில நிக்கிறேன்... ஆமாடா, பேச்சாயி வீட்டுக்குப் பின்னாடி... ஏண்டா பேச மாட்டேங்குற? ... யாரு சொன்னா? ... அவன் சொன்னா? நீ எங்கிட்டக் கேக்க மாட்டியா? ... வண்டியக் கழுவுவியா? ... தண்ணி அடிச்சு ஊத்திட்டா போதுமா? அதுக்கு மேலதான ஆட்ட நிப்பாட்டுற! ... வைடா. வை போன.

— என்ன சொன்னான்?

— ஒன் மேனேஜரு சொன்னானாம். போகும்போது வண்டி வெறும் வண்டியாத்தான போகுது, வழியில எறக்கிட்டுப் போன்னு. டாக்டர் அத்தைக்கும் தெரியும்னு சொன்னானாம். அத்தையே சொன்னதுக்கப்புறம் நான் என்னத்தக் கேக்கன்னு சொல்றான்.

— நான் சொன்னேனா?

— ஒன் பேரச் சொல்லித்தான் ஏத்தியிருக்கான்.

— ரத்தத்த எறக்குன பலகை மேலயே ஆட்ட ஏத்திக் கொண்டாந்து, அத ஊரே தின்னு... அண்ணே, நம்ம வீட்டுலயும் அந்தக் கறிதான்.

— வாய மூடு. நெனைக்காத. நானும் நெனைக்கல.

— சரி. இப்ப என்ன பண்றது?

— சொல்றேன் கேளு. பதறாத. நாளைக்கு வெள்ளன ஜேசிபி ஒன்னக் கொண்டாரேன். ஓரமா ஒரு குழியத் தோண்டி எல்லாத்தையும் தள்ளி மூடிருவோம். மேனேஜர நீ சத்தம் போட்டு நிப்பாட்டு. தப்ரேஸ நான் பாத்துக்கிறேன். பேச்சாயி காலுக்கு நல்ல வைத்தியம் பாத்துருவோம். முடிஞ்சுச்சு.

— ஸ்டேஷன்ல உக்கார வைக்கப் போறேன்னியே?

— அது எவனோன்னு நெனச்சப்ப சொன்னது. அவனுக்கு நிக்காஹ் வச்சிருக்கு ரிஃபாத்து. பத்திரிக்கை அடிச்சாச்சு. பொண்ணு வீட்டுல கேட்டா என்ன சொல்லுவேன்? கறிக்கடைக்கார வீடுன்னு தெரிஞ்சே சந்தோசமாக் குடுத்தவங்க. இது வெளிய வந்துச்சுன்னா என் கடைப் படியில எவன் ஏறுவான்? ஒன் பேரும் சேந்துதான நாறும்? நீ படிச்ச படிப்பெல்லாம் என்னாகும்?

— காலையில கொமட்டுதுன்னு சொன்ன வாயி இது.

— இப்பவும் கொமட்டுது. என்ன நெனச்சாத்தான் கொமட்டுது. போதுமா? அதுக்காக பெத்த புள்ளையப் புடிச்சுக் குடுக்கச் சொல்றியா?

— பாய், நான் ஒன்னு சொல்லலாமா?

— சொல்லு பேச்சாயி.

— மூடுனாலும் நிக்காது பாய். இந்த ஓடையில ஐப்பசித் தண்ணி வந்துச்சுன்னா கல்லையே பெரட்டிட்டுப் போகும். கீழ காலனிக்குக் குடிக்கிற கெணறு இருக்கு. அதுல போயிச் சேரும்.

— கேட்டியாண்ணே?

— கேட்டேன்.

— ஏன் பேச்சாயிம்மா, இம்புட்டு நாளா யாருகிட்டயும் சொல்லாம இருந்தீங்க?

— யாருகிட்டச் சொல்ல தாயி? போன பொங்கலுக்கு முந்தி எங்க ஊருக்காரக ரெண்டு பேரு தம்பிகிட்டக் கேட்டாக. இது பெரிய டாக்டரம்மா ஆஸ்பத்திரிச் சாமான், ஒன்னும் செய்யாது, எல்லாம் மருந்து போட்டுச் சுத்தம் பண்ணுனதுன்னுச்சு. டாக்டரம்மான்னதும் அடங்கிட்டாக. எங்க ஊருப் புள்ளை ஒன்ன நீங்கதான் பொழைக்க வச்சீகளாம்.

— அப்படியா சொன்னான்...

— ரிஃபாத்து, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? உக்காரு. தண்ணி குடி.

— நான் உக்காந்தா எந்திரிக்க மாட்டேண்ணே. பேச்சாயிம்மா, கையக் குடுங்க. மெதுவா. அந்தக் கால ஊனாதீங்க. பின் சீட்டுல சாஞ்சு உக்காருங்க. பேரன் எங்க?

— மகன் வீட்டுல தாயி, பக்கத்துலதான்.

— போற வழியில அவனையும் ஏத்திக்குவோம். அவனுக்கும் ரத்தம் பாக்கணும். எங்க ஆஸ்பத்திரிக்கு இல்ல, பெரியாஸ்பத்திரிக்கு. அண்ணே, நீ ஆட்டப் பட்டியில அடைச்சுட்டு இரு. யாரையும் ஓடைக்குள்ள விடாத. எதையும் தொடாத, நகத்தாத.

— எதுக்கு நகத்தக் கூடாது? ஏய், யாருக்குப் போன் போடுற? மேனேஜருக்கா? வீட்டுக்குப் போயி நேர்ல பேசிக்கலாம்மா. போன்ல வேணாம்.

— மேனேஜருக்கு இல்ல.

— ரிஃபாத்து, ஒன் கால்ல விழுறேன். அவன நெனச்சுப் பாரு. நீ தோள்ல தூக்கி வளத்த புள்ள. வை அந்த போன.

— ஹலோ... போலீஸ் ஸ்டேஷனா? வணக்கம் சார். அய்யலூருக்கு மேற்க ஓடையில ஆஸ்பத்திரிக் கழிவு கொட்டியிருக்கு. ரொம்ப நாளா. ஒரு அம்மாவுக்கு ஊசி குத்தி காலு சீழ் புடிச்சுக் கெடக்கு, கீழ குடிதண்ணிக் கெணறு இருக்கு... ஆமா சார், நேர்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் பேசுறேன்... சம்பந்தப்பட்டவங்களா? தெரியும் சார். சொல்றேன், எழுதிக்கோங்க. மொதப் பேரு டாக்டர் ரிஃபாத்து... இல்ல சார், புகார் குடுக்குறவங்க பேரு இல்ல. குத்தவாளி பேரு.